துடைத்தாலும் போகாத பிளகின்

கயல்விழி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கு இந்தத் துணிச்சல் வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பேரைச் சொல்வதற்கே எனக்குக் குரல் எழும்பாது.

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில்தான் கயல்விழி இப்போது இ-சேவை மையம் வைத்திருக்கிறாள். ரேஷன் கார்டில் பேர் திருத்தப் போயிருந்தேன். அவள் என் விவரத்தைத் தட்டிக்கொண்டே, சாய்த்து வைத்த கைப்பேசியில் தங்கச்சியோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். "முன்னெல்லாம் இப்பிடிப் பேசறதுக்குத் தனியா பிளகின் போடணும்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"இன்னாம்மா சொன்னீங்க?"

"ஒன்னும் இல்ல கண்ணு."

"பிளகின்னு சொன்னீங்க, காதுல உழுந்துச்சி. நீங்க இங்க பெருக்கிக்கினு இருந்தீங்கன்னுதான எங்க மாமா சொன்னாரு?"

"பெருக்கவும் பெருக்கினேன்" என்றேன்.

அவள் விடவில்லை. சென்டர் நடத்துகிறவர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "உங்க கையெழுத்துல எழுதிக் குடுங்க, நான் அடிச்சிக்கறேன்" என்றாள். எழுதுகிறேன். அஞ்சாவது வரைக்கும் படித்தவள் எழுத்து, அப்படித்தான் இருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் மயிலத்துக்குப் பக்கம். மானாவாரியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பிழைத்த குடும்பம். இரண்டு வருஷம் மழை ஏமாற்றியதும், தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் கலியபெருமாள் சாரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் பெருக்கித் துடைக்கிற வேலைக்கு வந்தேன். தரையைவிட மிஷினைத் துடைக்கிற வேலைதான் பெரிது. எழுத்து அச்சுக்குள் மை அடைத்துக்கொள்ளும். பழைய பல் விளக்கும் பிரஷ்ஷைப் பெட்ரோலில் நனைத்து ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டும். இங்கிலீஷ் எழுத்துகளை நான் கற்றுக்கொண்டது அந்த அச்சில்தான். அச்சில் எல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பி இருக்கும். ஏ, ஓ மாதிரிச் சில எழுத்துகள் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான், பிழைத்தேன். மற்றதெல்லாம் காகிதத்தில் விழுந்த பிறகுதான் நேராகப் புரிந்தது. சொல்லாகச் சேர்த்துப் படிக்க வராது. ஆனால் எந்த எழுத்து எந்தச் சாவியில் இருக்கிறது என்று இருட்டில் கேட்டாலும் சொல்லுவேன்.

பிறகு டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, நெட் வந்தது, சார் திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்தார். என்னை அங்கே போட்டார். காலையில் திறப்பது, துடைப்பது, பேர் எழுதிக்கொண்டு உட்கார வைப்பது. கவுண்ட்டரில் இருந்த பெண் கல்யாணமாகிப் போனாள். இன்னொருத்தி வருவாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். வரவில்லை. நானே இருந்துவிட்டேன்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. அதுதான் இந்தக் கதைக்கே முக்கியம். ஒருத்தர் எழுந்து போனதும் அடுத்தவர் உட்காருவதற்கு முன்னால் அந்த மிஷினை "துடைத்துவிட" வேண்டும். துணியால் கீபோர்டு, மவுஸ், திரை எல்லாம் துடைத்து, ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். ரீஸ்டார்ட் ஆனதும், போனவர் திறந்து வைத்தது, இறக்கி வைத்தது எல்லாம் அழிந்து, மிஷின் புதுசாக எழுந்து நிற்கும். சார்தான் அப்படி ஏற்பாடு பண்ணி வைத்தார். ஒரு தடவை ஒரு ஆள் தன் மெயிலை மூடாமல் போக, அடுத்து உட்கார்ந்தவன் அதை வாய்விட்டுப் படித்து, கடைக்குள்ளேயே அடிதடி ஆகிவிட்டது. அன்றைக்கு சார் சொன்னார்: "பச்சையம்மா, ஓட்டல்ல எச்சி இலைய எடுக்காம அடுத்தவங்கள உக்கார வைப்பாங்களா? நாமளும் வைக்கக் கூடாது." அதற்கப்புறம் ஒரு இருக்கையைக்கூட நான் துடைக்காமல் விட்டதில்லை.

லினக்ஸ் வந்தது இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. அதுவரைக்கும் கடையில் மிஷினை ஓட்டுகிற சாஃப்ட்வேர் திருட்டுக் காப்பிதான், எல்லா ஊரிலும் அப்படித்தான். வாரத்துக்கு ஒரு வைரஸ் வரும். செக்கிங் வருகிறார்கள் என்று பேச்சு வந்தால் ஷட்டர் பாதி இறங்கும். சாருக்கு அது பிடிக்கவில்லை. "பயந்துக்கினு கடை நடத்தறதுக்கு நடத்தாமலே இருக்கலாம்" என்று சொல்லி, எல்லா மிஷினிலும் இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுவிட்டார். வந்தவர்கள் முகத்தைப் பார்க்கணுமே. "இன்னா சார், ஸ்டார்ட் பட்டனையே காணோம்? வித்துட்டீங்களா?" என்றார் ஒரு வாத்தியார்.

வைரஸ் போனது. ஆனால் வேறொரு பேஜாரு வந்தது. அதுதான் பிளகின். பிரவுசர் எழுத்தையும் போட்டோவையும் தானே காட்டும். ஓடுகிற படம், பேசுகிற படம் என்றால் அதற்குத் தனியாக ஒன்றைச் சொருக வேண்டும். ஃபிளாஷ் என்று பேர். அது இல்லாவிட்டால் படம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் தெரியும், நடுவில் பிள்ளைகள் சேர்த்து விளையாடுவார்களே, அந்த அட்டைத் துண்டு மாதிரி ஒரு படம். அந்தத் துண்டைப் பார்த்தாலே சாருக்குப் போன் போட்டுவிடுவேன்.

லினக்ஸில் எதையும் நம் இஷ்டத்துக்கு எங்கிருந்தோ கொண்டுவந்து வைக்கக் கூடாது. பேக்கேஜ் மேனேஜர் என்று ஒரு புரோகிராம் இருக்கும், அதனிடம் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு சார் சொன்ன விதம் இது: "நம்ம ஊர் சொசைட்டி மாதிரி நெனச்சிக்கோங்க. உள்ள ஒரு ஆளு இருக்கான். அவன்கிட்ட என்னென்ன சரக்கு எங்க இருக்குதுன்னு ஒரு லிஸ்ட் இருக்குது. லிஸ்ட் பழசா இருந்தா, இல்லாத சரக்கத் தேடிக்கினு போயி வெறுங்கையோட வருவான். அதனால எது கேக்கறதா இருந்தாலும் மொதல்ல லிஸ்ட்டப் புதுசாக்கு, அப்புறம் கேளு."

ஃபிளாஷில் இன்னொரு கோணல் உண்டு. மற்ற சரக்கெல்லாம் அந்தச் சொசைட்டிக்குள்ளேயே இருக்கும். ஃபிளாஷ் மட்டும் இருக்காது. அதைச் செய்த கம்பெனியிடம் போய் வாங்கி வருகிற ஆள் மட்டும்தான் உள்ளே இருப்பான். நாம் பேக்கேஜ் போட்டோம் என்றால் அந்த ஆளைப் போட்டோம் என்றுதான் அர்த்தம். அவன் போய் வாங்கி வந்தானா என்பது வேறு விஷயம். இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

சார் விழுப்புரம் கடையில் இருப்பார், நான் திண்டிவனத்தில். எல்லாம் போனில்தான். அவர் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த முறையில்தான் நான் வேலை கற்றேன்.

போனை எடுத்ததும் "என்னா ஆச்சு" என்று கேட்கவே மாட்டார். "மொதோ வரி என்னா?" என்றுதான் கேட்பார். நான் ஆரம்பத்தில், "சார், அது ஏதோ கோவமா சொல்லுது சார்" என்பேன். "கோவமெல்லாம் வேணாம், எழுத்தச் சொல்லுங்க" என்பார். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பேன். "ஈ, ரெண்டு புள்ளி, இடம், யூ, என், ஏ..." "போதும், புரிஞ்சிடுச்சி." பிறகு அவர் எழுத்தெழுத்தாகச் சொல்லுவார், நான் அடிப்பேன். அடித்து முடித்ததும் என்டர் தட்டக் கூடாது. அடித்ததை முதலிலிருந்து நான் அவருக்குத் திருப்பிப் படிக்க வேண்டும். அவர் "ம்" என்றால்தான் என்டர். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் இதில் ஒன்றைக்கூடத் தாண்ட மாட்டார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் குரல் உயர்த்தினதில்லை. மல்லாட்டை கொறித்துக்கொண்டே பேசுவார், ஓடு உடைகிற சத்தம் கேட்டால் சரியாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். சத்தம் நின்றால் எனக்குப் பயம் வந்துவிடும்.

முதன்முதலில், கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து பாஸ்வேர்டு அடிக்கச் சொன்னார். தட்டினேன். திரையில் ஒன்றுமே விழவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. மறுபடியும் தட்டினேன். "சார், கீபோர்டு செத்துப் போச்சி சார்."

"சாவல. பாஸ்வேர்டு அடிச்சா அது வெளிய காட்டாது. கூச்சப்படும், உங்கள மாதிரி. ஆனா உள்ள வாங்கிக்கும். தைரியமா அடிச்சி என்டர் தட்டுங்க."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கறுப்பு ஜன்னல்மேல் எனக்கு ஒரு பிரியம்.

லிஸ்ட் புதுசாக்கும்போது வரி வரியாக ஓடும். "ஹிட்" என்று ஆரம்பித்தால் பழசே போதும், மாறவில்லை. "கெட்" என்றால் புதுசு வருகிறது. "எர்" என்றால் ஏதோ வரவில்லை, சாரைக் கூப்பிடு. எனக்கு அந்த மூன்று சொல்லும் மனப்பாடம். சில பேக்கேஜ் போடும்போது பாதியில் ஒரு கலர் திரை வந்து ஒரு பக்கத்துக்கு ஏதோ ஒப்பந்தம் எழுதியிருக்கும். கீழே ஓகே இருக்கும். மவுஸ் வைத்து அழுத்தினால் கேட்காது. டேப் சாவி தட்டினால் ஓகே சிவந்து நிற்கும், அப்புறம் என்டர். அது தெரியாமல் ஜன்னலை மூடிவிட்டு ஓடிப்போனவர்கள் எத்தனையோ பேர். மூடினால் உள்ளே இருக்கிற ஆள் பாதி வேலையில் நிற்பான். அடுத்து யார் எதைக் கேட்டாலும், "முன்ன ஆரம்பிச்சத முடி" என்று உட்கார்ந்துகொள்வான். ஒரு தடவை பாதியில் கரண்ட்டே போய்விட்டது. யூபிஎஸ் பேட்டரி நாலு தடவை கத்திவிட்டு அணைந்தது. மறுநாள் எந்த பேக்கேஜும் போட முடியவில்லை. சார் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து பாதியில் நின்றதையெல்லாம் முடித்துக் கொடுத்தார். போகும்போது சொன்னார்: "பச்சையம்மா, அது வேலை செஞ்சிக்கினு இருக்கும்போது யாரு வந்து சொன்னாலும் ஆஃப் பண்ண உடாதீங்க. நானே வந்து சொன்னாலும் உடாதீங்க."

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஃபிலோமி வந்த அன்றைக்கு இது எல்லாமே ஒன்றாக வந்து நின்றது.

ஃபிலோமி நர்ஸ். மயிலம் போகிற வழியில் ஒரு கிராமம், வேதக்காரக் குடும்பம். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பரீட்சை எழுதி எழுதி, இரண்டு வருஷமாகக் காத்திருந்து, கடைசிப் படிக்கு வந்திருந்தாள். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து உட்கார வேண்டும். மூன்று மணிக்கு அங்கிருந்து கூப்பிடுவார்கள், முகம் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். அந்தப் பக்கத்துக்கு ஃபிளாஷ் வேண்டும், கேமரா வேண்டும். முகம் தெரியவில்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள், மறுபடி கூப்பிட மாட்டார்கள். திண்டிவனத்தில் அப்போது கேமரா வைத்திருந்தது எங்கள் கடைதான், அதுவும் ஜன்னலோர மிஷினில் மட்டும்.

முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போனாள். அதனால் சார் காலையிலேயே வந்துவிட்டார். பேக்கேஜ் மேனேஜரில் ஃபிளாஷ் கேட்டார். வாங்கப் போன ஆள் வெறுங்கையோடு வந்தான். கம்பெனிக்காரர்கள் சரக்கை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள், எங்கள் லிஸ்ட் பழசு. புதுசாக்கலாம் என்றால் நெட் ஆமை மாதிரி. சாருக்கு அன்றைக்குச் சாயங்காலம் புதுச்சேரியில் தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு, அதற்குள் மணி ஒன்றரையைத் தாண்டிவிட்டது. சட்டைப் பையில் இருந்த பென் டிரைவில் ஃபிளாஷ் ஃபைல் ஒன்று இருந்தது. அதை எடுத்து மிஷினுக்குள் தானே ஒரு இடத்தில் வைத்தார். பிரவுசரைத் திறந்தார். படம் ஓடியது. கேமராவில் அவர் முகமே தெரிந்தது, தலையைச் சீவிக்கொண்டார்.

"எல்லாம் ரெடி பச்சையம்மா. அந்தப் பொண்ணு வந்தா உக்கார வைக்க வேண்டியதுதான்." பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

இரண்டு மணி வாக்கில் ஃபிலோமி வந்தாள். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. கூட அவள் அண்ணன் அந்தோணி, அம்மா அன்னம்மா அக்கா. அந்த அக்கா கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

சார் எழுந்து போன இருக்கை அது. சாராக இருந்தால் என்ன, அடுத்த ஆள் உட்காரப் போகிறாளே. துணியை எடுத்தேன், துடைத்தேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன். மிஷின் எழுந்ததும் ஃபிலோமி உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

சாம்பல் கட்டம். நடுவில் அந்த அட்டைத் துண்டு.

"யக்கா, இன்னாக்கா இது? படம் வர்ற எடத்துல ஓட்டையா கீது!" என்றான் அந்தோணி.

சாருக்குப் போன் போட்டேன். பஸ் இரைச்சலில் அவர் குரல் வந்தது. "மொதோ வரி என்னா?"

கட்டத்தில் இருந்ததை எழுத்தெழுத்தாகப் படித்தேன். பி, எல், யூ, ஜி வரும்போதே நிறுத்தினார்.

"நான் கெளம்பும்போது வேலை செஞ்சிச்சே. நான் எழுந்ததுக்கும் அந்தப் பொண்ணு உக்காந்ததுக்கும் நடுவுல என்னா நடந்துச்சி?"

"ஒன்னும் நடக்கல சார். எப்பவும் போலத்தான்."

"எப்பவும் போலன்னா?"

"துடைச்சி உட்டேன் சார்."

பஸ் சத்தத்துக்கு நடுவில் சிரிக்கிறார்!

"நான் வாங்கி வச்ச வெளக்கமாறு என்னையே பெருக்கித் தள்ளிடுச்சி."

"நான் தப்புப் பண்ணிட்டனா சார்?"

"நீங்க சரியாத்தான் பண்ணீங்க. விருந்தாளி தங்கற ரூம்புல பீரோவக் கொண்டாந்து வச்சது நானு. கஸ்டமர் எடத்துல வச்சா துடைக்கும்போது போவத்தான் போவும். வீட்டுக்காரன் எடத்துல வைக்கணும். பேக்கேஜ் வழியா போட்டாத்தான் அங்க போயி உக்காரும். சரி, கறுப்பு ஜன்னலத் தெறங்க."

திறந்தேன். லிஸ்ட் புதுசாக்கச் சொல்லி அடித்தேன், திருப்பிப் படித்தேன், "ம்" வந்தது, என்டர். ஒரே வரியில் பதில். "ஈ, ரெண்டு புள்ளி" என்று ஆரம்பித்தேன். எல், ஓ, சி, கே என்று வந்ததும் சார் சொன்னார்: "பூட்டு. மிஷின் எழுந்ததும் தானா ஒரு அப்டேட் ஓட ஆரம்பிச்சிருக்கும். உள்ள இருக்கறது ஒரு ஆளு, அவன் அந்த வேலையா இருக்கான். முடிச்சிட்டுத்தான் நமக்கு வருவான். காத்திருங்க."

"எவ்ளோ நேரம் சார்?"

"கொஞ்சம். தொடக் கூடாது."

ஃபிலோமி கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அந்தோணிக்குத்தான் நிற்க முடியவில்லை. "காத்துக்கினு இருந்தா ஆவாதுக்கா. டிவி நின்னா நாங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம், ஜல்தியா வந்துடும். நவுருங்க" என்று சுவரில் இருந்த சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

நான் அவனுக்கும் சுவிட்சுக்கும் நடுவில் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று தெரியாது. "தொடாதப்பா!" என்றேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"இன்னாக்கா, மெரட்டறீங்க? எங்க தங்கச்சி பொழப்புக்கா இது!"

"அதுக்குத்தான் தொடாதன்னு சொல்றேன். இப்ப அணைச்சா உள்ள பாதி நிக்கும். அப்புறம் சாரே வந்தாத்தான் எழும்பும். சார் புதுச்சேரி பஸ்ல கீறாரு."

அவன் கை நீட்டினபடி அப்படியே நின்றான். படியிலிருந்து அன்னம்மா அக்கா, தலையைத் திருப்பாமலே, "டேய் அந்தோணி, வந்து ஒக்காருடா இங்க. வேலை தெரிஞ்சவங்க செய்யட்டும்" என்றார்கள். அவன் போய் உட்கார்ந்தான். வேலை தெரிஞ்சவங்க என்று யாரைச் சொன்னார்கள் என்று எனக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை.

பூட்டு விட்டது. மறுபடி அடித்தேன். வரிகள் ஓட ஆரம்பித்தன. ஹிட், ஹிட், கெட். நெட் காலையைவிடக் கொஞ்சம் தேவலை. கெட், கெட். எர் வரவில்லை.

"இப்ப ஃபிளாஷைப் போடச் சொல்லட்டுமா சார்?"

"சொன்னா, ஏற்கெனவே போட்டாச்சேன்னு சொல்லும். பொய்யில்ல, காலையில ஆளு போயிட்டு வந்தான்னு அது எழுதி வச்சிருக்குது. வெறுங்கையோட வந்தான்னு எழுதல. அதனால மொதல்ல அந்த ஆள சுத்தமா எடுத்துடணும், அப்புறம் புதுசா வைக்கணும். எழுதிக்கோங்க." எடுக்கிற கட்டளையைச் சொன்னார், அடித்தேன், படித்தேன், என்டர். எடுத்தது. வைக்கிற கட்டளையைச் சொல்லி முடிக்கிற நேரத்தில் லைன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டேன், எடுக்கவில்லை. பஸ் எங்கே போய்க்கொண்டிருந்ததோ.

அடித்து வைத்தது திரையில் நிற்கிறது. "ம்" சொல்ல ஆள் இல்லை. அதுவரைக்கும் "ம்" இல்லாமல் நான் என்டர் தட்டினதே இல்லை.

ஃபிலோமி என் முகத்தைப் பார்த்தாள். "என்னாக்கா?"

"நான் படிச்சிக் காட்டணும் கண்ணு. சார் ம்னு சொல்லணும்."

"அவர் சொன்னத நானும் கேட்டுக்கினுதான இருந்தேன், சத்தமாத்தான சொன்னாரு. எங்கிட்டப் படிங்க. டாக்டர் போன்ல மருந்து சொன்னா நாங்களும் இப்பிடித்தான் திருப்பிச் சொல்லிட்டுத்தான் ஊசியே எடுப்போம்."

நான் எழுத்தெழுத்தாகப் படித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "அங்க ஒரு சின்னக் கோடு வரணும்க்கா, நடுவுல" என்றாள். பார்த்தேன், விட்டுவிட்டிருந்தேன். போட்டேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"ம்" என்றாள் ஃபிலோமி. சார் மாதிரியே.

என்டர். செய்யட்டுமா என்று கேட்டது, ஒய் தட்டினேன். ஆள் புது இடத்துக்குப் போனான். திரையில் நூற்றுக்கு எவ்வளவு என்று ஓடுகிறது. முப்பதில் நின்றது. அன்னம்மா அக்காவின் ஜெபமாலைச் சத்தம் எனக்குக் கேட்டது. மறுபடி நகர்ந்தது. நூறு வந்தது. எர் இல்லை. பிரவுசரை எல்லாம் மூடிவிட்டுத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், மூடினேன், திறந்தேன். சாம்பல் கட்டம் இருந்த இடத்தில், கேமராவை விடலாமா என்று ஒரு சின்னப் பெட்டி கேட்டது. விடு என்று அழுத்தினேன். கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஃபிலோமி தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடவைத் தலைப்பைச் சரி பண்ணினாள்.

மூன்று அடிக்கக் கொஞ்சம்தான் இருந்தது. நான் வெளியே வந்து வாசலில் நின்றுகொண்டேன். உள்ளே வந்தவர்களிடம், "கொஞ்ச நேரம் கழிச்சி வாங்க, உள்ள ஒருத்தங்க முக்கியமா பேசிக்கினு இருக்காங்க" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன். இன்னொரு நாளாக இருந்தால் அது எனக்கு வராது. உள்ளிருந்து ஃபிலோமியின் குரல் மட்டும் கேட்டது. அவள் பேசிய இங்கிலீஷ் எனக்குப் புரியவில்லை, ஆனால் தடுமாறாமல் பேசினாள்.

வெளியே வந்து, "கேள்வியெல்லாம் சொல்லிட்டேன்க்கா. இனிமே மாதா கையில" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தோணி படி இறங்கும்போது, "மனசுல வச்சிக்காதீங்கக்கா" என்றான்.

சாயங்காலம் சார் கூப்பிட்டார். முழுக்கச் சொன்னேன், ஃபிலோமி "ம்" சொன்னது வரைக்கும். மல்லாட்டை உடைகிற சத்தம் கேட்டது. வளைகாப்பு வீட்டிலும் விடவில்லை.

"சரி, இப்ப அந்த மிஷினத் துடைச்சி உடுங்க."

"வேணாம் சார். இன்னிக்கி ஒரு நாள் அப்பிடியே இருக்கட்டும்."

"துடைங்க பச்சையம்மா. துடைச்சாத்தான நின்னுச்சான்னு தெரியும்?"

துணியை எடுத்தேன். மெதுவாகத் துடைத்தேன். ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன், கஸ்டமர் மாதிரி. மிஷின் எழுந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்தேன். விடலாமா என்று கேட்டது. விட்டேன். பச்சை விளக்கு. திரையில் நரைத்த தலையோடு ஒரு பொம்பளை, தோளில் துணி. நான் அதுவரைக்கும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வெட்கமாகப் போய்விட்டது, மூடிவிட்டேன்.

"நிக்குது சார்."

"ம்" என்றார்.

ஃபிலோமிக்கு வேலை கிடைத்தது. கிளம்புகிறதுக்கு முன்னால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். "ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் அம்மா இங்க வரும்க்கா. நான் அங்கருந்து கூப்பிடறேன். அம்மாவ அந்த மிஷின்ல உக்கார வச்சிடுங்க" என்றாள்.

அன்னம்மா அக்கா வந்தார்கள். மடியில் வறுத்த மல்லாட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். எனக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, மீதியைக் கொறித்துக்கொண்டே மகளோடு பேசுவார்கள். அந்த ஆஸ்பத்திரியில் கேப்பைக் கூழ் கிடைக்குமா, குளிருக்கு என்ன போட்டுக்கொள்கிறாய், அந்தோணிக்குப் பெண் பார்க்கிறோம், இப்படி. ஓடு எல்லாம் கீபோர்டு சந்தில் விழும். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பிரஷ் இருக்கவே இருக்கிறது.

நாலைந்து வருஷம் அப்படி ஓடியது. அப்புறம் அந்தோணி அம்மாவுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தான், படம் அதிலேயே ஓடியது. பிளகினே வேண்டாம் என்று ஆகிவிட்டது. சென்டருக்கு ஆள் வருவது குறைந்தது, எனக்கும் முட்டி வலி, சாரும் கடையை மூடினார். மூடினதில் இரண்டு பேருக்கும் வருத்தம் ஒன்றும் இல்லை, செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. இப்போதும் எனக்குக் காய்ச்சல் என்று போன் பண்ணினால் சார், "மொதோ வரி என்னா?" என்றுதான் கேட்கிறார்.

ஒன்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். வேதக்காரர் வீடுகளில் பிள்ளைகள் வெளியே கிளம்பும்போது பெற்றவர்கள் நெற்றியில் கட்டை விரலால் சிலுவை போட்டு அனுப்புவார்கள். அன்னம்மா அக்கா பேசி முடித்ததும் எழுந்து நின்று, திரையில் ஃபிலோமியின் நெற்றி இருக்கிற இடத்தில் கட்டை விரலால் சிலுவை போடுவார்கள். ஃபிலோமி அங்கே தலையைக் குனிந்துகொள்வாள். படம் போன பிறகும், மல்லாட்டை எண்ணெய்க் கையால் போட்டது, கறுப்புத் திரையில் அந்தச் சிலுவை பளிச்சென்று தெரியும்.

கடை வழக்கப்படி நான் துடைக்க வேண்டும். கீபோர்டைத் துடைப்பேன், மவுஸைத் துடைப்பேன், நாற்காலியைத் தட்டுவேன். ரீஸ்டார்ட் கொடுப்பேன். திரையை மட்டும் அடுத்த கஸ்டமர் வருகிற வரைக்கும் விட்டு வைப்பேன்.